தைரியம் வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கவங்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் மொத்தமா உக்காந்து படிச்சேன், முக்கால்வாசி பேரு சுத்தி சுத்தி ஒரே இடத்துலதான் வந்து நிக்கிறீங்க. ஆசை இருக்கு அக்கா, ஆனா பயமா இருக்கு, என்னால முடியுமான்னு தெரியல. அதனால சமையல், கல்யாணம், மாமியார் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குன்னு எடுத்து வச்சிட்டு இந்த தடவை இத மட்டுமே பேசலாம்னு இருக்கேன். பேர் போடாதீங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, யார் பேருமே போடல, ஊர் மட்டும்.

எனக்கு 46 வயசு அக்கா. நான் செய்ற பருப்புப்பொடி, இட்லிப்பொடி, கறிவேப்பிலைப்பொடி எல்லாத்தையும் சொந்தக்காரங்க கேட்டு வாங்கிட்டு போவாங்க. பொண்ணு கல்யாணமாகி போனதுக்கப்புறம் இத விக்கலாமான்னு ஒரு எண்ணம். ஆனா காசு வாங்கிட்டு குடுத்து யாராவது கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டா தெருவுல தலை காட்ட முடியுமா? உனக்கு எதுக்கு இந்த வேலைன்னு வீட்டுக்காரர் வேற கேக்குறார். தைரியமே வரமாட்டேங்குது.
விருதுநகர் வாசகி

தங்கச்சி, தைரியம் வந்தப்புறம் ஆரம்பிக்கலாம்னு நினைச்சீங்கன்னா அது வராது, யாருக்குமே அப்படி முன்கூட்டி வந்து நின்னது இல்ல. ஆல்பர்ட் பாண்டுரான்னு ஒரு உளவியல் அறிஞர் 1977-ல இதப்பத்தி எழுதுனார், என்னால முடியுங்கிற நம்பிக்கை ஒரு மனுஷனுக்கு எங்கெங்க இருந்து வருதுன்னு. அவர் சொன்னதுல முதல் இடம் எதுக்குன்னா நாமளே கையால செஞ்சு முடிச்ச காரியத்துக்குத்தான். நம்மள மாதிரி ஒருத்தர் செஞ்சு ஜெயிக்கிறத பாக்குறது அதுக்கு அடுத்தது. நாலு பேரு முடியும் முடியும்னு ஏத்திவிடுறதுக்கு அந்தளவு பலம் கிடையாது. அதனால நான் இங்க உக்காந்து உங்களால முடியும் தங்கச்சின்னு பத்து வரி எழுதுறதுல பெரிய பிரயோஜனம் இல்ல, நீங்க என்ன செய்யணும்னு பேசுவோம்.

உங்க பயம் கெட்டுப்போயிருமோங்கிறதுதான? அது நல்ல பயம், அத விட்றாதீங்க. ஆனா ராத்திரியில படுத்துக்கிட்டு பயப்படுறதுக்கு பதிலா அத ஒரு கேள்வியா மாத்துங்க. என் பொடி எத்தனை நாள் தாங்கும்? இதுக்கு பதில் உங்க அடுப்படியிலயே இருக்கு. பொடி ஏன் கெடுதுன்னு உங்களுக்கே தெரியும், ஈரந்தான் காரணம். துவரம்பருப்ப சிம்ல வச்சு நிறம் மாறி வாசம் வர்ற வரைக்கும் கைவிடாம வறுக்கணும், அவசரத்துல தீய ஏத்துனா மேல செவந்துரும், உள்ள பச்சையாவே நிக்கும், அந்த பச்சைதான் பின்னாடி வேலைய காட்டும். வறுத்தத தட்டுல பரப்பி சுத்தமா ஆறவிட்டு அரைக்கணும், வெதுவெதுன்னு இருக்கும்போதே மிக்ஸியில போட்டீங்கன்னா மூடியில வேர்த்து சொட்டும், அது அப்படியே பொடிக்குள்ள இறங்கி கட்டி கட்டியா நிக்கும். உப்பையும் வெறும் சட்டியில ஒரு பெரட்டு பெரட்டிக்கணும். கறிவேப்பிலைய கழுவினா நிழல்ல காயவச்சு, கையில எடுத்து நசுக்குனா சத்தத்தோட நொறுங்கணும், வளைஞ்சு குடுத்துச்சுன்னா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம்.

இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. ஆனா ஒரு வேலை சொல்றேன், அத செய்யுங்க. ஒரே நாள்ல அரைச்ச பொடிய மூணா பிரிங்க. ஒண்ணு கவர்ல போட்டு சீல் பண்ணி வைங்க, ஒண்ணு அலமாரியில டப்பாவுல மூடி வைங்க, இன்னொண்ண தினமும் ஸ்பூன் போட்டு எடுக்குற டப்பாவுல வைங்க. மூணுலயும் தேதி எழுதி ஒட்டிருங்க. வாரம் ஒருதடவ முகர்ந்து பாத்து, வாயில போட்டு பாத்து ஒரு நோட்டுல எழுதுங்க. எந்த டப்பா எப்ப சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்குதுன்னு நீங்களே பாத்துட்டீங்கன்னா அதுக்கு நல்லா முன்னாடி ஒரு தேதிய கவர் மேல போடலாம். அப்புறம் யாராவது கெட்டுப்போச்சுன்னு வந்து நின்னாலும் நீங்க நடுங்க மாட்டீங்க, எப்ப வாங்குனீங்க, ஈரக்கரண்டி போட்டீங்களான்னு நிதானமா கேப்பீங்க.

அடுத்தது, முதல்ல சொந்தக்காரங்க இல்லாத நாலஞ்சு பேருக்கு காசுக்கு குடுங்க. சொந்தம் பாராட்டுறது வேற, காசு குடுத்து வாங்குனவங்க மறுபடி கேட்டு வர்றது வேற. சின்ன அளவுல வீட்ல இருந்து செஞ்சாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில எஃப்எஸ்எஸ்ஏஐ ரெஜிஸ்ட்ரேஷன் எடுக்கணும், ஆன்லைன்லயே பண்ணலாம், ஏதாவது ஒரு இ-சேவை மையத்துல கேட்டாலும் சொல்லுவாங்க. மகளிர் சுய உதவிக் குழுவுல இருந்தீங்கன்னா குழுக்காரங்க செய்ற பொருள விக்கிற மதி அங்காடியில வச்சு விக்க வழி இருக்கான்னு கேளுங்க, அங்க போனா உங்கள மாதிரியே வீட்ல இருந்து ஆரம்பிச்ச பொம்பளைங்க நாலு பேர பாப்பீங்க, பாண்டுரா சொன்ன அந்த ரெண்டாவது விஷயம் அங்க கிடைக்கும்.

வீட்டுக்காரர்கிட்ட இப்ப வாதாடாதீங்க. வரவு செலவ தனி நோட்டுல எழுதுங்க, பருப்பு, மொளகா, கேஸ், கவர் எல்லாத்தையும் சேத்து, உங்க உழைப்புக்கும் ஒரு கூலி போட்டு எழுதுங்க. மூணு மாசம் கழிச்சு அந்த நோட்ட அவர்கிட்ட குடுங்க, அப்புறம் பேசுங்க.

எனக்கு 24 வயசு. இன்ஜினியரிங் முடிச்சிட்டு வேலையில இருக்கேன். கிரிக்கெட்தான் உயிரு. இனிமே லேட்டு, 15 வயசுலயே ஆடிருக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. நம்பிக்கை வச்சா ஜெயிக்கலாமா?
திருச்சி வாசகர்

தம்பி, வருண் சக்கரவர்த்தி கதை உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், ஆனா அதுல எல்லாரும் வேகமா தாண்டிப்போற இடம் ஒண்ணு இருக்கு. ஆர்க்கிடெக்சர் படிச்சு, வேலை பாத்து, அத விட்டுட்டு கிரிக்கெட்டுக்கு வந்தவர்ங்கிறது எல்லாருக்கும் தெரியும். அவர் ஸ்கூல் காலத்துல விக்கெட் கீப்பர், திரும்பி வந்தப்போ ஃபாஸ்ட் பவுலிங் போட்டார், முழங்கால்ல அடிபட்டுச்சு. அங்கயே முடிஞ்சு போயிருக்க வேண்டியது. ஆனா அவர் வேகத்த விட்டுட்டு ஸ்பின்னுக்கு மாறுனார், சென்னையில நாலாவது டிவிஷன் லீக்ல போய் ஆடுனார். டிஎன்பிஎல்ல, அதாவது தமிழ்நாடு பிரீமியர் லீக்ல, 2018-ல மதுரை டீமுக்கு ஆடி பேர் வாங்கி, அந்த வருஷக் கடைசியில நடந்த ஐபிஎல் ஏலத்துல 8.4 கோடிக்கு போனார். அதோட சுபம் போட்றாதீங்க. 2021 டி20 உலகக்கோப்பையில மூணு மேட்ச் ஆடி ஒரு விக்கெட்கூட கிடைக்கல, டீம்ல இருந்து தூக்கிட்டாங்க. அப்ப அவர் தன் பவுலிங்க வீடியோவுல போட்டு பாத்து, பந்து பக்கவாட்டுல சுத்துறத குறைச்சு, முன்பக்கமா உருளுற மாதிரி மேல் சுத்தா (ஓவர் ஸ்பின்) மாத்தி, திரும்ப இந்திய டீமுக்கு வர 2024 அக்டோபர் ஆயிருச்சு. 2025 சாம்பியன்ஸ் டிராஃபியில மூணே மேட்ச்ல 9 விக்கெட்.

இதுல நம்பிக்கை எங்க இருக்குன்னு பாருங்க. நான் கண்டிப்பா ஜெயிப்பேன்னு கண்ண மூடிட்டு இருந்த மாதிரி எனக்கு தெரியல. இது சரிப்படல, மாத்துவோம், மாத்துனா வரும்னு இருந்த நம்பிக்கை அது. கால் போச்சு, வேகம் போச்சு, சரி ஸ்பின். விக்கெட் விழல, சரி சுத்த மாத்து.

உங்க கடிதத்துல உயிருன்னு எழுதிருக்கீங்க, ஆனா இப்ப எந்த டீம்ல ஆடுறீங்க, பேட்டா பாலா, போன சீசன்ல எவ்ளோ எடுத்தீங்கன்னு ஒரு வரிகூட இல்ல, அது எனக்கு கொஞ்சம் கவலையா இருக்கு. உங்க மாவட்ட லீக்ல ஒரு கிளப் புடிங்க. வேலைய விட வேண்டாம், சனி ஞாயிறு, விடியக்காலை ப்ராக்டிஸ், ஒரு முழு சீசன் ஆடுங்க. ஸ்கோர் ஷீட்டே உங்ககிட்ட உண்மைய சொல்லிரும், சொந்தக்காரங்க சொல்றதையும் நான் சொல்றதையும் கேக்க வேண்டியதே இல்ல. இந்தியாவுக்கு ஆடுறவங்க ரொம்ப ரொம்ப கொஞ்சம் பேருங்கிறதையும் மறைக்காம சொல்லிடுறேன் தம்பி. ஆனா கிரவுண்ட்ல அம்பயர் இருக்காரு, ஸ்கோரர் இருக்காரு, பசங்களுக்கு சொல்லிக்குடுக்குற கோச் இருக்காரு, அவங்களும் கிரிக்கெட்டாலதான் சாப்பிடுறாங்க, அதையும் கண்ணுல வச்சுக்கோங்க.

வயசு 38. பனியன் கம்பெனியில சூப்பர்வைசர். தினமும் ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துருது. வீட்டு லோன் இஎம்ஐ, பசங்க ஸ்கூல் ஃபீஸ், ஆர்டர் குறைஞ்சா வேலை இருக்குமா, எனக்கு ஏதாவது ஆயிட்டா இவங்க கதி என்னன்னு மண்டை ஓடிக்கிட்டே இருக்கு. காலையில பாத்தா அதே விஷயம் அவ்ளோ பெருசா தெரியல. இது என்ன வியாதி?
திருப்பூர் வாசகர்

காலையில அவ்ளோ பெருசா தெரியலன்னு நீங்களே எழுதிட்டீங்க பாருங்க, அது முக்கியமான விஷயம். ஆழ்ந்த தூக்கமெல்லாம் ராத்திரி முதல் பாதியிலயே பெரும்பாலும் முடிஞ்சுரும், மூணு மணிக்கு மேல தூக்கம் லேசாத்தான் இருக்கும், ஒரு சின்ன சத்தம் போதும் முழிப்பு தட்ட. அந்த நேரத்துல எழுந்து ஒரு ஃபோன் பண்ண முடியாது, யாரையும் பாத்து பேச முடியாது, மனசு மட்டும் தனியா ஓடும், அதனால எல்லாமே மலையா தெரியும். அந்த நேரத்துல எடுக்குற எந்த முடிவையும் முடிவுன்னே வச்சுக்காதீங்க.

மனநல மருத்துவர்கள் சொல்லிக்குடுக்குற ஒரு வழி இருக்கு, கேட்டா சின்னப்புள்ளத்தனமா தெரியும் ஆனா செஞ்சு பாருங்க. கவலைப்படுறதுக்குன்னே சாயந்தரம் ஒரு நேரம் ஒதுக்குங்க, ஏழு மணியில இருந்து ஏழரைன்னு வைங்க, படுக்கப்போற நேரத்துக்கு பக்கத்துல வேண்டாம். நோட்டு எடுத்து மனசுல இருக்குற அத்தனையும் எழுதுங்க. எழுதுனத ரெண்டா பிரிங்க, நான் ஏதாவது செய்யக்கூடியது ஒரு பக்கம், என் கையில இல்லாதது இன்னொரு பக்கம். இஎம்ஐ முதல் பக்கத்துல வரும், கட்ட முடியாம போயிருமோன்னு இருந்தா தவணை தவறுறதுக்கு முன்னாடியே பேங்க் கிளைக்கு போய் தவணை காலத்த நீட்டிச்சு மாசத்தொகைய குறைக்க முடியுமான்னு கேளுங்க, மொத்த வட்டி கூடும்தான், ஆனா கழுத்து நெரிபடாது. எனக்கு ஏதாவது ஆயிட்டாங்கிறதும் பாதி முதல் பக்கம்தான், டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்து நாமினி பேர சரியா போட்டு அந்த பேப்பர் எங்க இருக்குன்னு உங்க வீட்டம்மாகிட்ட காட்டி வைங்க. அமெரிக்காக்காரன் ஆர்டர் குடுப்பானா மாட்டானாங்கிறது ரெண்டாவது பக்கம். ராத்திரி முழிப்பு வந்தா, நோட்டுல இருக்கு, நாளைக்கு ஏழு மணிக்கு பாக்கலாம்னு மனசுக்கு சொல்லணும், முதல் வாரம் கேக்காது, போகப்போக கேக்கும். இருபது நிமிஷம் ஆகியும் தூக்கம் வரலன்னா படுக்கையிலயே புரளாம எந்திரிச்சு வேற இடத்துல உக்காருங்க, ஃபோன மட்டும் எடுக்காதீங்க.

ஆனா இது வாரக்கணக்கா இப்படியே போகுது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, சாப்பாடு இறங்கல, எடை குறையுதுன்னா முதல்ல டாக்டர பாருங்க, தைராய்டுகூட இந்த வேலைய பண்ணும். மாவட்ட அரசு மருத்துவமனையிலயே மனநலப் பிரிவு இருக்கு. அங்க போக சங்கடமா இருந்தா 14416-க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ், அரசாங்கம் நடத்துறது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். அந்த மூணு மணிக்கும் கூப்பிடலாம். செத்துடலாம்ங்கிற மாதிரி ஒரு நினைப்பு ஒரே ஒரு தடவை தலைகாட்டுனாலும் நோட்டு, சாயந்தரம் ஏழு மணி எல்லாத்தையும் விட்டுட்டு உடனே கூப்பிடுங்க அண்ணே, பக்கத்துல இருக்கவங்கள எழுப்பி சொல்லுங்க. இத படிக்கிற எல்லாருக்கும் சேத்துதான் சொல்றேன்.

அக்கா, பேங்க்ல கிளார்க், வயசு 31. எழுத்தாளர் ஆகணும்னு பத்து வருஷக் கனவு. வேலைய விட்டாத்தான் எழுத முடியும்னு தோணுது. ஆனா எழுத உக்காந்தா நீ எழுதி என்ன ஆகப்போகுதுன்னு ஒரு குரல். விடலாமா?
கோவில்பட்டி வாசகர்

உங்க ஊர்ல இருந்து இந்த கேள்வி வந்ததுல எனக்கு தனி சந்தோஷம், பக்கத்துல இடைசெவல்ல விவசாயம் பாத்துக்கிட்டு இருந்த கி.ராஜநாராயணனோட முதல் கதை 1958-ல வெளியாகும்போது அவருக்கு முப்பத்தஞ்சு வயசு ஆகப்போகுது. பள்ளிக்கூடப் படிப்பக்கூட முழுசா முடிக்காதவர், பின்னாடி புதுச்சேரி பல்கலைக்கழகத்துல போய் பேராசிரியரா உக்காந்தார், 1991-ல சாகித்ய அகாடமி விருது வாங்குனார். உங்களுக்கு 31தான்.

வேலைய விடலாமான்னா, வேண்டாம். இப்ப வேண்டாம். தமிழ்ல எழுதுனவங்கள வரிசையா நினைச்சு பாருங்க, சுஜாதா பெங்களூர்ல பாரத் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில இன்ஜினியர், ஓட்டு மெஷின் உருவாக்குனதுல அவர் பங்கு பெருசு, அதுக்கு நடுவுலதான் அவ்ளோ எழுதுனார். ஜெயமோகன் டெலிபோன் துறையில வேலை பாத்தவர், பெருமாள்முருகன் அரசு கல்லூரி வாத்தியாரா இருந்தவர். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவுல 14 வருஷம் இருந்தவர், 1966-ல அங்க இருந்து வெளிய வந்தப்புறந்தான் எழுத்தையே நம்பி வாழ்ந்தார். மாசச்சம்பளம் இவங்க யாரோட எழுத்தையும் கெடுக்கல. அந்தப் பக்கம் புதுமைப்பித்தன் இருக்கார், பத்திரிகை வேலைய விட்டு சினிமாவுக்கு எழுதப்போய், காசநோய் வந்து, 1948-ல 42 வயசுல போயிட்டார். அவர் மாதிரி ஒரு ஆளு இன்னும் இருபது வருஷம் இருந்து எழுதிருந்தா நமக்கு என்னென்ன கிடைச்சிருக்கும்னு நினைச்சா இன்னைக்கும் மனசு தாங்கல. எழுதுறவன் பட்டினி கிடந்தாத்தான் எழுத்து வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க தம்பி, பட்டினியில ஆள் போயிருவான், எழுத்தும் கூடவே போயிரும்.

அந்த குரல் இருக்கே, அது வேலைய விட்டாலும் கூடவேதான் வரும், இன்னும் சத்தமா வரும், ஏன்னா அப்ப வாடகையும் சேந்து பேசும். இப்ப உங்களுக்கு வேண்டியது காலையில ஒரு மணி நேரம், கதவ சாத்திட்டு. நல்ல கதை எழுதணும்னு உக்காராதீங்க, ஒரு கதைய முடிக்கணும்னு உக்காருங்க. பத்து வருஷக் கனவுன்னு எழுதிருக்கீங்க, முடிச்ச கதை எத்தனைன்னு எழுதல. பேங்க் கவுன்டர்ல உக்காந்திருக்கீங்க, முதியோர் பென்ஷன் வாங்க வர்ற பாட்டி, நகைய அடகு வைக்கும்போது பூட்டு திருகாணிய ஒருதடவ தொட்டுப் பாத்துட்டு குடுக்குற அம்மா, இவங்கள தினமும் இவ்ளோ கிட்டத்துல பாக்குற இடம் வேற யாருக்கு கிடைக்கும். முடிச்சத ரெண்டு வாரம் கிடப்புல போட்டு, திருத்தி, பத்திரிகைக்கு அனுப்புங்க, அனுப்புன அன்னைக்கே அடுத்தத ஆரம்பிங்க. திரும்பி வந்தா இன்னொரு பத்திரிகைக்கு. ஒரு தொகுப்பு அளவுக்கு கதை சேந்து, ஒரு வருஷ வீட்டுச்செலவு கையில தனியா இருந்து, அப்பவும் விடணும்னு தோணுச்சுன்னா மறுபடி எனக்கு எழுதுங்க, அப்ப என் பதில் வேற மாதிரி இருக்கலாம்.

தன்னம்பிக்கை வளர தினமும் காலையில கண்ணாடி முன்னாடி நின்னு என்னால முடியும்னு சொல்லணுமாமே, உண்மையா?
சேலம் வாசகி

சொல்றதுல தப்பில்லம்மா. சொல்லிட்டு அன்னைக்கே ஒரு சின்ன வேலைய முடிச்சிருங்க, சாயந்தரம் கண்ணாடிய பாக்கும்போது அதையும் சொல்லலாம்.

என் பொண்ணு +2 படிக்கிறா. நல்ல மார்க் எடுக்குறவ, இப்ப ஓவியந்தான் படிப்பேன்னு நிக்கிறா. திறமை இருக்கு, ஆனா படம் வரைஞ்சு சோறு கிடைக்குமாங்க? அவ ஆசைய கெடுக்கவும் மனசில்ல, விடவும் பயமா இருக்கு.
செங்கல்பட்டு வாசகர்

ஐயா, திறமை இருக்குன்னு நீங்களே எழுதிட்டீங்க, அந்த வரிய உங்க பொண்ணுகிட்ட வாய்விட்டு சொல்லியிருக்கீங்களான்னு தெரியல, சொல்லலன்னா இன்னைக்கே சொல்லிருங்க.

சோறு பத்தின கேள்வி நியாயமானது, அத கேக்குற அப்பாவ நான் குறை சொல்ல மாட்டேன். சென்னை எழும்பூர் பக்கம் இருக்குற அரசு கவின்கலைக் கல்லூரி 1850-ல ஆரம்பிச்சது, மெரினாவுல இருக்குற உழைப்பாளர் சிலைய செஞ்ச ராய் சௌத்ரி அங்க முதல்வரா இருந்தவர். அங்க ஓவியம் மட்டும் இல்ல, விளம்பர வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, பீங்கான் வேலை எல்லாம் படிக்கலாம், சேர்றதுக்கு வரையுற திறமையையும் சோதிச்சு பாப்பாங்க. கும்பகோணத்துலயும் ஒரு அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கு. உங்க ஊருக்கு பக்கத்துல மாமல்லபுரத்துல அரசு சிற்பக் கல்லூரி இருக்கு, மரபு வழி ஓவியமும் சிற்பமும் சொல்லித்தராங்க. இங்கெல்லாம் படிச்சவங்க கேலரியில படம் வித்து மட்டும் வாழல, அனிமேஷன், சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட், ஜவுளி டிசைன், ஸ்கூல் டீச்சர்னு பல வழியில சம்பாதிக்கிறாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை பொண்ண கூட்டிக்கிட்டு ஈசிஆர்ல ஈஞ்சம்பாக்கம் போங்க, சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966-ல கே.சி.எஸ்.பணிக்கர், அவரோட மாணவர்கள் எல்லாரும் சேந்து உருவாக்குன இடம் அது. உங்க இதே கேள்வி அன்னைக்கு அவங்களுக்கும் இருந்துச்சு, படம் விக்கிற காலம் இல்ல, என்ன பண்றது. மெழுகு வச்சு சாயம் போடுற பத்திக் துணி, கைவினைப் பொருள்னு செஞ்சு வித்து அதுல வந்த காசுல நிலம் வாங்கி, வீடு கட்டி, மிச்ச நேரத்துல தாங்க நினைச்ச படத்த வரைஞ்சாங்க. அங்க இருக்குற மியூசியத்துல அந்த படங்கள நீங்களும் நின்னு பாருங்க, பொண்ணு எந்த படத்துகிட்ட ரொம்ப நேரம் நிக்குதுன்னு பாருங்க, ஏன்னு கேளுங்க. வர்ற வழியில காபி குடிக்கும்போது அவகிட்ட ரெண்டே ரெண்டு கேளுங்க, எந்த காலேஜுக்கு எப்ப அப்ளிகேஷன், அந்த பரீட்சைக்கு என்ன தயார் பண்ணணும். அவளுக்கு பதில் தெரிஞ்சிருந்தா அப்ளிகேஷன் வாங்க நீங்களே கூட போங்க, தெரியலன்னா ஒரு வாரம் டைம் குடுத்து விசாரிச்சிட்டு வரச்சொல்லுங்க.